குழாய்ச் சுவரைக் கரைக்கும் நீரோட்டம்: மின் நிலையப் பணிக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

2004 ஆகஸ்ட் 9 அன்று ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையத்தில், மூன்றாம் அலகின் டர்பைன் கூடத்தில் ஒரு கண்டென்சேட் (டர்பைனில் வேலை முடிந்த நீராவி குளிர்ந்து கிடைக்கும் நீர்) குழாய் வெடித்தது. ஏறத்தாழ 56 செ.மீ. விட்டமுள்ள அந்தக் கார்பன் எஃகுக் குழாயைப் பொருத்தியபோது அதன் சுவர் 10 மி.மீ. தடிமனாக இருந்தது, வெடித்த இடத்தில் மிஞ்சியிருந்தது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்ளே ஓடிய நீரின் வெப்பம் சுமார் 140 டிகிரி செல்சியஸ். அழுத்தம் விலகிய கணத்தில் அது ஆவியாகச் சீறிக்கொண்டு வெளியேறி, அருகில் இருந்த பதினொரு பேரைத் தாக்கியது. அவர்களில் ஐந்து பேர் இறந்தனர். சில நாட்களில் தொடங்கவிருந்த ஷட்டவுனுக்கு (பராமரிப்புக்காக அலகை நிறுத்திவைக்கும் காலம்) முன்னேற்பாடு செய்ய வந்திருந்த ஒப்பந்தப் பணியாளர்கள் அவர்கள். அலகு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவ்வளவு பேரை டர்பைன் கூடத்துக்குள் அனுப்பியது சரிதானா என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

அந்த நீரில் கதிரியக்கம் இல்லை. நிலக்கரியில் ஓடும் அனல்மின் நிலையத்தின் ஃபீட்வாட்டர் (பாய்லருக்குச் செலுத்தும் நீர்) குழாயில் ஓடுவதும் இதே வகை நீர்தான். அமெரிக்காவில் 1995-இல் பிளெசன்ட் பிரெய்ரி நிலையத்திலும் 2007-இல் அயாட்டன் நிலையத்திலும், ஓடும் நீரே சுவரைக் கரைத்து மெலிவிக்கும் இதே காரணத்தால் குழாய்கள் வெடித்து உயிர்கள் போயின; இரண்டும் நிலக்கரி நிலையங்கள். ஆகவே இதை அணுமின் துறையின் தனிச் சிக்கல் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

மிஹாமாவின் அந்த இடம் 1976-இல் இயக்கம் தொடங்கியதிலிருந்து ஒருமுறைகூட அளக்கப்படவில்லை. அளக்கும் கருவி கையில் இருந்தது; எந்த வகை இடங்கள் மெலியும் என்பதும் 1990-இலேயே வழிகாட்டு நெறியாக எழுதப்பட்டிருந்தது. சோதனைப் பட்டியலில் அந்த ஓர் இடம் விடுபட்டுப்போயிருந்தது, அவ்வளவே. விடுபட்டதைப் பிறகு கண்டுபிடித்து, அடுத்த ஷட்டவுனில் அளப்பதாகவும் இருந்தார்கள். அந்த ஷட்டவுனுக்குச் சில நாட்கள் முன்பு குழாய் வெடித்தது. புதிதாக வருபவர்கள் சுவரின் தடிமனை அளக்கும் மீயொலிக் கருவியைக் கையாளக் கற்பதில் காட்டும் ஆர்வத்தில் பாதியையாவது பட்டியல் தயாரிப்பதில் காட்ட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

குழாய்க்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுதல்

ஆக்சிஜன் நீக்கிய வெந்நீரில் கார்பன் எஃகின் உட்பரப்பில் மேக்னடைட் என்னும் கரிய ஆக்சைடுப் படலம் உருவாகிறது. பாய்லர் குழாய்களைக் காப்பதும் இதே படலம்தான். இந்தப் படலம் நீரில் சிறிதளவு கரையக்கூடியது. நீர் அசையாமல் நின்றால், சுவரை ஒட்டியுள்ள நீர் கரைந்த இரும்பால் விரைவில் நிறைந்துவிடும். அதன்பின் கரைதல் ஏறக்குறைய நின்றுவிடும். நீர் ஓடினால், அதுவும் சுழன்று கொந்தளித்து ஓடினால், கரைந்த இரும்பை அது உடனுக்குடன் அகற்றிச் செல்வதால், படலம் வெளிப்புறத்தில் கரைந்துகொண்டும், இழப்பை ஈடுசெய்ய உள்ளிருக்கும் எஃகு புதிய படலமாக மாறிக்கொண்டும் இருக்கின்றன. விளைவாகக் குழாய்ச் சுவர் ஒரே சீரான வேகத்தில் மெலிகிறது. இதைத்தான் நீரோட்டத்தால் விரைவுபடும் அரிமானம் என்கிறோம். தொழிற்கூடப் பேச்சில் எஃப்.ஏ.சி. (Flow-Accelerated Corrosion).

சாதாரண அரிமானத்தில் படலம் தடிக்கத் தடிக்க வேகம் குறையும். இங்கே படலம் தடிக்க வாய்ப்பே இல்லாததால், பத்தாவது ஆண்டிலும் முதலாண்டின் வேகமே நீடிக்கிறது. அஞ்சவேண்டியது இதைத்தான். இதே தன்மை ஒரு வசதியும்கூட: வேகம் மாறாததால் எஞ்சிய ஆயுளைக் கணக்கிட முடிகிறது.

நீர்த்துளிகள் மோதிச் சுவரைக் குடைவதும், நீர்க்குமிழிகள் உடைந்து உலோகத்தைப் பெயர்ப்பதும் வேறு வகைச் சேதங்கள். அவை இயந்திர விசையால் நடப்பவை. எஃப்.ஏ.சி. முழுக்க வேதியியல் கரைப்பு. இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதன்று. துளி மோதும் இடத்தில் நீரின் பிஎச் அளவை (காரத்தன்மையைக் காட்டும் எண்) உயர்த்திப் பயனில்லை, எஃப்.ஏ.சி. நடக்கும் இடத்தில் அதுவே முதல் மருந்து.

ஷட்டவுனில் குழாயைத் திறந்தால் கண்ணுக்கு என்ன தெரியும்? செந்துருவை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நீர் மட்டும் ஓடும் குழாயில், ஆற்றோர ஈரமணலில் நீரோட்டம் விட்டுச்செல்லும் அலைவரிகளைப் போன்ற சிறு பள்ளங்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு பரவியிருக்கும். மேற்பரப்பு கரிய பளபளப்புடன், பார்க்க மிக ஆரோக்கியமானதாகவே தோன்றும். நீரும் நீராவியும் கலந்து ஓடும் குழாயில் கரிய பட்டையும் வெளிறிய பட்டையும் மாறிமாறிப் புலிவரிகளாகத் தெரியும். இரண்டிலும் சேதம் கையகலத்துக்கும் மேல் பரந்திருப்பதால், குழாய் முதலில் ஊசித்துளையாகக் கசிந்து எச்சரிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. பரந்து மெலிந்த சுவர் ஒரேயடியாகக் கிழியும்.

முதல் படி: பட்டியல்

நிலையத்தின் குழாய் வரைபடங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழாய்த் தடத்தையும் நான்கு கேள்விகளால் சலிக்க வேண்டும். குழாய் கார்பன் எஃகா? அதில் ஓடுவது நீரா அல்லது ஈர நீராவியா? வெப்பநிலை ஏறத்தாழ 100 முதல் 300 டிகிரிக்குள் இருக்கிறதா? நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவா? நான்குக்கும் ஆம் என்றால் அந்தத் தடம் பட்டியலில் இடம்பெற வேண்டும். நீர் மட்டும் ஓடும் தடங்களில் 130 முதல் 150 டிகிரி வரையிலும், ஈர நீராவித் தடங்களில் அதைவிடச் சற்று உயர்ந்த வெப்பத்திலும் தாக்குதல் உச்சத்தில் இருக்கும். மிகைவெப்ப நீராவி ஓடும் தடங்களில் நீர்ப்படலம் இல்லாததால் அவற்றை நீக்கிவிடலாம்.

இப்படிச் சலித்தால் பெரும்பாலான நிலையங்களில் எஞ்சுபவை இவை: கண்டென்சர் பக்கமிருந்து டீஏரேட்டர் (நீரில் கரைந்த வாயுக்களை நீக்கும் கலம்) வரை செல்லும் தடத்தின் வெப்பமான பகுதி, ஃபீட் பம்ப்பின் முன்னும் பின்னும் உள்ள குழாய்கள், ஃபீட்வாட்டர் ஹீட்டர்களில் குளிர்ந்து நீரான நீராவி வெளியேறும் டிரெயின் தடங்கள், டர்பைனிலிருந்து ஹீட்டர்களுக்கு ஈர நீராவியைக் கொண்டுவரும் எக்ஸ்ட்ராக்‌ஷன் குழாய்கள், டீஏரேட்டர் தொட்டியின் உட்சுவர், பாய்லருக்குப் போகும் நீரை முன்கூட்டியே சூடாக்கும் எகானமைசரின் நுழைவுப் பகுதி, நீராவியின் வெப்பத்தைத் தணிக்க நீர் தெளிக்கும் அட்டெம்பரேட்டர் தடம். எரிவாயுக் கூட்டுச்சுழற்சி நிலையமாக இருந்தால், வெப்ப மீட்புக் கொதிகலனின் நீரை நீராவியாக்கும் குறைந்த அழுத்த எவாப்பரேட்டரை முதலிடத்தில் வையுங்கள். அதன் இயல்பான வெப்பநிலையே எஃப்.ஏ.சி. உச்சத்தில் வந்து விழுகிறது.

தடம் தெரிந்தபின் அந்தத் தடத்தில் எந்த இடம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். நீரோட்டத்தைக் குலைக்கும் எதுவாக இருந்தாலும் அதற்கு அடுத்துள்ள பகுதியே முதலில் மெலியும். எல்போ என்னும் வளைவுத் துண்டின் வெளிவளைவு, டீ இணைப்பு, விட்டத்தைக் குறைக்கும் ரெட்யூசர், கட்டுப்பாட்டு வால்வுக்குப் பிந்திய பகுதி, ஓட்டத்தை அளக்கும் துளையுள்ள ஆரிஃபிஸ் தகட்டுக்குப் பிந்திய நேர்க்குழாய் எல்லாம் இதில் சேரும். மிஹாமாவில் கிழிந்தது கடைசியாகச் சொன்ன அந்த நேர்க்குழாய்தான். நேர்க்குழாயில் என்ன ஆகிவிடப்போகிறது என்று தாண்டிப்போகும் பழக்கம் பலருக்கு உண்டு. இரண்டு எல்போக்கள் அடுத்தடுத்து நெருக்கமாக வந்தால், முதலாவது கிளப்பிய கொந்தளிப்பு அடங்குவதற்குள் நீர் இரண்டாவதில் நுழைவதால் பின்னதில் சேதம் கூடுதலாகும்.

அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்திலிருந்து மட்டும் பட்டியலை முடித்துவிடக் கூடாது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தடம் முழுவதும் நடந்து பாருங்கள். பின்னாளில் சேர்த்த பைபாஸ், இடம் மாற்றிய வால்வு, வரைபடத்தில் ஒற்றைக் கோடாக மட்டும் இருக்கும் இரண்டங்குல டிரெயின் குழாய் என எப்படியும் சில கிடைக்கும். சாதாரணமாக மூடியிருக்கும் வால்வு உள்ளுக்குள் கசிந்தால், ஓட்டமே இல்லை என்று நாம் நீக்கிய தடத்தில் ஆண்டு முழுவதும் ஓட்டம் இருக்கும். கையிலுள்ள வெப்பமானியால் அந்தத் தடத்தைத் தொட்டுப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். இணையான இரு தடங்களில் ஒன்றை அளந்து மற்றதும் அப்படியே இருக்கும் என்று எழுதிவைப்பது ஆபத்தானது. ஒரே தரத்தில் வாங்கிய கார்பன் எஃகிலும், உருக்காலையில் தற்செயலாகக் கலந்த குரோமியம் ஒரு குழாயில் 0.02 சதவீதமாகவும் பக்கத்துக் குழாயில் 0.15 சதவீதமாகவும் இருக்கக்கூடும். இந்தச் சிறு வேறுபாடே மெலியும் வேகத்தைப் பல மடங்கு மாற்றப் போதுமானது.

ஈர நீராவித் தடங்களை மட்டும் பார்த்தால் போதும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 1986 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சர்ரி நிலையத்தின் இரண்டாம் அலகில், நீர் மட்டுமே ஓடிய 18 அங்குல எல்போ கிழிந்து நான்கு பேர் இறந்த பிறகே அந்த எண்ணம் மாறியது. அதன்பின் 1989-இல் அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், இத்தகைய மெலிவைக் கண்காணிக்க நிலையான நீண்டகாலத் திட்டம் இருப்பதை எல்லா அணுமின் நிலையங்களும் உறுதிசெய்ய வேண்டும் என்று கேட்டது. எந்த இடம் எவ்வளவு மெலியும் என்று கணித்துத் தரும் செக்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்களும் இந்த விபத்தை ஒட்டியே வளர்ந்தன. மென்பொருள் உதவும், ஆனால் நாம் உள்ளிடாத குழாயை அது கணிக்காது.

இரண்டாம் படி: நீரின் வேதியியல்

அளவெடுப்பு மெலிவைக் காட்டித்தரும். அதன் வேகத்தைக் குறைப்பது வேதியியல். பிஎச் அளவு உயர உயர மேக்னடைட்டின் கரைதிறன் குறைகிறது. 25 டிகிரியில் அளந்த பிஎச் 9.0-இலிருந்து 9.5-க்கு உயர்ந்தால் மெலியும் வேகம் கணிசமாகக் குறையும். பித்தளை, குப்ரோநிக்கல் போன்ற செம்புக் கலவைகள் ஹீட்டர் குழாய்களிலோ கண்டென்சரிலோ இருந்தால் இந்த அளவுக்கு உயர்த்த இயலாது; பிஎச்சை உயர்த்தச் சேர்க்கும் அமோனியா அவற்றைத் தாக்கும். ஆகவே உங்கள் நிலையத்தில் எந்த உலோகம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பிஎச் பற்றிப் பேசத் தொடங்க வேண்டாம்.

இரண்டாவது ஆக்சிஜன். கரைந்த ஆக்சிஜனை முற்றிலும் ஒழிக்க வேண்டும், அதற்கு ஹைட்ரசீன் சேர்க்க வேண்டும் என்பதே நெடுங்காலப் பாடம். எல்லாம் இரும்புக் கலவையால் ஆன அமைப்பில் இந்தப் பாடம் இன்று தலைகீழாகிவிட்டது. நீர் தூய்மையாக இருக்கும்பட்சத்தில், நூறு கோடியில் சில பங்கு அளவுக்கு ஆக்சிஜன் இருப்பதே நல்லது. அது மேக்னடைட்டின் நுண்துளைகளை எளிதில் கரையாத இரும்பு ஆக்சைடால் அடைத்துவிடும். அத்தகைய அமைப்பில் ஹைட்ரசீன் சேர்ப்பது எஃப்.ஏ.சி.க்கு வழிவிடுவதாகும். நச்சுப்பொருளான அதைக் கையாளும் இடரும் கூடவே வருகிறது. பழைய நடைமுறைக் கையேடுகளில் ஹைட்ரசீன் அளவு இன்னமும் எழுதப்பட்டிருந்தால், அதைப் பின்பற்றுவதற்கு முன் நிலையத்தின் வேதியியலாளரிடம் காரணம் கேளுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீரும் நீராவியும் சேர்ந்திருக்கும் இடங்களில் ஆக்சிஜனும் அமோனியாவும் பெரும்பாலும் நீராவிப் பக்கம் போய்விடுகின்றன. சுவரை நனைக்கும் நீர்ப்படலத்துக்கு இரண்டின் காப்பும் கிடைப்பதில்லை. ஃபீட்வாட்டர் மாதிரியில் பிஎச் 9.4 காட்டும் நிலையத்திலும் ஹீட்டர் டிரெயின் தடம் மெலிவதற்குக் காரணம் இதுதான். அங்கே நீர்ப்பக்கம் தங்கும் மார்ஃபோலின், எத்தனாலமீன் போன்ற அமீன்களைச் சில நிலையங்கள் சேர்க்கின்றன. அல்லது குழாயையே மாற்றுகின்றன.

வேதியியல் சரியாக இருக்கிறதா என்பதை நீரிலுள்ள மொத்த இரும்பே சொல்லும். ஃபீட்வாட்டரில் நூறு கோடியில் 2 பங்குக்கும், ஹீட்டர் டிரெயின்களில் 5 பங்குக்கும் மிகாமல் இருக்க வேண்டும் என்பது துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அலகு சீராக ஓடும்போது எடுத்த மாதிரியையே நம்ப வேண்டும். தொடக்க நேரத்து மாதிரி, படிந்திருந்த துருவைத்தான் காட்டும்.

மூன்றாம் படி: அளவெடுப்பு

இன்சுலேஷனை அகற்றி, மேற்பரப்பைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, குழாயின் மேல் கட்டங்கள் வரையுங்கள். குழாய்ச் சுற்றளவில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஒரு கட்டத்தின் பக்கமாகக் கொள்வது வழக்கம், 25 மி.மீ.க்குக் குறையவும் 150 மி.மீ.க்கு மிகவும் வேண்டாம். வெளிவிட்டம் 219 மி.மீ. உள்ள எட்டு அங்குலக் குழாய்க்கு இது சுமார் 57 மி.மீ. வரும். எல்போவின் வெளிவளைவில் முதல் கோட்டைப் போட்டு, நீர் செல்லும் திசையைப் பார்த்து நின்றுகொண்டு வலஞ்சுழியாக எண்ணுங்கள். இந்த ஒழுங்கு தவறினால், ஐந்தாண்டு கழித்து வருபவர் எதிர்ப்புறமாக எண்ணி, மெலிந்த இடம் குணமாகிவிட்டதாக அறிக்கை எழுதுவார். எல்போ முடிந்த பின்னும் குழாய் விட்டத்தின் இருமடங்கு தூரம் வரை கட்டங்களை நீட்டுங்கள்.

மீயொலித் தடிமன் கருவியை, குழாயின் அதே எஃகில் செய்த, தடிமன் தெரிந்த படிகளுள்ள படிக்கட்டுத் துண்டில் வைத்துச் சரிபார்த்த பிறகே தொடங்க வேண்டும். கருவியின் உணர்முனையான புரோபை ஜெல் தடவி அழுத்தி, எண் நிலைத்து நிற்கும் வரை பொறுத்திருங்கள். கட்டத்தின் மூலையில் ஒரு புள்ளியை மட்டும் தொட்டுவிட்டுப் போகாமல், கட்டம் முழுவதும் மெல்ல நகர்த்தி, கிடைத்த மிகக் குறைந்த எண்ணை எழுதுவது நல்லது. இதில் மூன்று பொய்கள் எழும். குழாய் சூடாக இருந்தால் எஃகில் ஒலியின் வேகம் குறைந்து, கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். சரிபார்த்த வெப்பத்தைவிட 55 டிகிரி கூடினால் ஏறத்தாழ ஒரு சதவீதம். சுவர், புரோபின் கீழ்வரம்புக்கும் கீழே மெலிந்துவிட்டால், கருவி இரண்டாம் எதிரொலியைப் பிடித்து இருமடங்கைக் காட்டக்கூடும்: 1.5 மி.மீ. சுவர் 3.0 என்று வரும். மூன்றாவதாக, பெயின்ட்டின் மேல் அளந்தால் அதுவும் கூட்டலில் சேரும். மூன்றுமே நம்மை ஆறுதல்படுத்தும் திசையில் பிழை செய்பவை என்பதைக் கவனியுங்கள். சுற்றிலும் 5 மி.மீ. ஆகக் குறைந்துகொண்டே வந்து, நடுவில் திடீரென எண் உயர்ந்தால் மகிழ வேண்டாம். அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நான்காம் படி: கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். எட்டு அங்குலக் குழாய், குறிப்பிட்ட தடிமன் (குழாயின் தயாரிப்பு விவரத்தில் உள்ளது) 8.18 மி.மீ., ஓடியது 60,000 மணி நேரம், கிடைத்த மிகக் குறைந்த அளவு 5.9 மி.மீ. குறிப்பிட்ட தடிமனிலிருந்து கழித்தால் இழப்பு 2.28 மி.மீ. ஆனால் ஆலையிலிருந்து வரும் குழாயின் தடிமன் குறிப்பிட்டதைவிட 12.5 சதவீதம் வரை குறைவாகவும், ஓரளவு கூடுதலாகவும் இருக்க விதிகள் இடந்தருகின்றன. தொடக்க அளவு பதிவாகியிருக்காவிட்டால், அதே வளையத்தில் (குழாயைச் சுற்றிவரும் அதே கட்ட வரிசையில்) கிடைத்த மிகக் கூடிய அளவைப் பாருங்கள். அது 8.4 மி.மீ. என்றால் இழப்பு 2.5 மி.மீ.; இரண்டில் பெரியதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆக 1,000 மணி நேரத்துக்கு 0.042 மி.மீ. வளைத்துச் செய்த பெண்டுகளில் வெளிவளைவு தயாரிப்பிலேயே சற்று மெலிந்திருக்கும் என்பதால், அங்கே இந்த முறை இழப்பை மிகைப்படுத்தலாம். அந்தப் பக்கம் பிழைப்பதில் கெடுதல் இல்லை.

அழுத்தத்தைத் தாங்கத் தேவையான குறைந்தபட்சத் தடிமனை இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகள் 1950-இன்படியோ, உங்கள் நிலையம் ஏற்றுக்கொண்ட வேறு விதித்தொகுப்பின்படியோ கணக்கிட்டு 4.4 மி.மீ. என்று வந்ததாகக் கொள்வோம். எஞ்சியிருப்பது 1.5 மி.மீ. மெலியும் வேகத்தை 1.1 என்னும் பாதுகாப்புக் காரணியால் பெருக்கி வகுத்தால் சுமார் 32,700 மணி நேரம் கிடைக்கிறது. நாட்காட்டி ஆண்டுகளைக் கொண்டு இதைக் கணக்கிடக் கூடாது. அலகு உண்மையில் ஓடிய மணி நேரமே கணக்கு. எஞ்சிய ஆயுளில் பாதி கழிவதற்குள் மறுபடி அளந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. இடையில் நீரின் வேதியியலோ, ஓட்டத்தின் அளவோ, ஆரிஃபிஸ் தகடோ மாறியிருந்தால் பழைய வேகத்தைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: மாற்றுதல்

மெலிந்த கார்பன் எஃகு எல்போவுக்குப் பதில் இன்னொரு கார்பன் எஃகு எல்போவைப் பொருத்துவது கடிகாரத்தைத் திருப்பிவைப்பது மட்டுமே. ஒன்றேகால் சதவீதம் குரோமியமுள்ள பி11 அல்லது இரண்டேகால் சதவீதமுள்ள பி22 எஃகைப் பொருத்தினால் எஃப்.ஏ.சி. நடைமுறையில் நின்றுவிடும். விலை கூடுதல்தான், வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் வெப்பமூட்டும் நடைமுறைகளும் கடுமையானவை. ஷட்டவுன் நாட்கள் குறைவு என்று காரணம் சொல்லி இதைத் தள்ளிப்போடுபவர்களை அடிக்கடி பார்க்கலாம். அதற்கு ஒரே வழி, அடுத்த ஷட்டவுனுக்குத் தேவைப்படும் எல்போக்களை இந்த ஷட்டவுனின் அளவுகளை வைத்தே வாங்கி இருப்பில் வைத்துவிடுவது. கிடங்கிலிருந்து வந்த துண்டில் பி22 என்று எழுதியிருந்தாலும், வெல்டிங்குக்கு முன் உலோகக் கலவையைக் கையடக்கக் கருவியால் சோதித்துப் பதிவுசெய்யுங்கள்.

குரோமிய எஃகு எல்போ முடிந்து பழைய கார்பன் எஃகுக் குழாய் தொடங்கும் இணைப்பில், அதுவரை இரும்பே கரையாமல் வந்த நீர் திடீரென்று கரையக்கூடிய சுவரைச் சந்திப்பதால், அந்த விளிம்பில் மெலிவு முன்பைவிட விரைவாக நடக்கலாம். ஆகவே மாற்றும் துண்டைக் கொந்தளிப்பு அடங்கும் தூரம் வரை நீட்டுங்கள். அதற்கு அப்பாலுள்ள கார்பன் எஃகைப் பட்டியலில் புதிய இடமாகச் சேருங்கள். புதிய துண்டிலும் அதை அடுத்த பழைய குழாயிலும் கட்டம் வரைந்து தொடக்க அளவுகளை எடுத்து முடித்த பிறகே இன்சுலேஷன் ஆட்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் வேலையை முடித்துவிட்டால், அந்த எண்களைப் பெற இன்னொரு ஷட்டவுன் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.